முழங்காற் சில்லின் இரு வரலாறுகள்

நாய் ஒன்று உற்சாகமாக ஓடிக்கொண்டிருக்கும்போதே பின்னங்கால் ஒன்றைத் திடீரென்று மடக்கித் தூக்கிக்கொண்டு, இரண்டு மூன்று அடி தூரம் மற்ற மூன்று கால்களால் தத்திச் சென்று, பிறகு அந்தக் காலைப் பின்புறமாக ஓர் உதறு உதறி நீட்டி, ஒன்றுமே நேராததுபோல் மறுபடியும் நான்கு கால்களாலும் ஓடத் தொடங்குவதை நாய் வளர்ப்போரில் பலர் கண்டிருப்பார்கள். விசைத்தறிகளின் ஓசை ஓயாத சோமனூர்த் தெருக்களிலும், அவ்வூரைச் சுற்றியுள்ள தோட்டத்து வீடுகளிலும் பிரியமாக வளர்க்கப்படும் வெள்ளைச் சடை நாய்களிடம் இந்த நடையைக் காண்பது அரிதன்று. காரணம் கேட்டால், "படியிலிருந்து குதிச்சிருச்சுங்க" என்றோ, "பைக்காரன் தட்டிட்டுப் போயிட்டானுங்க" என்றோ வீட்டுக்காரர் உடனே விடை சொல்வார். அவர் பொய் சொல்வதில்லை. நாய் குதித்ததும் உண்மை, வண்டி தட்டியதும் உண்மையாக இருக்கலாம். ஆயினும் துன்பம் எதற்கும் ஒரு நாளையும் ஒரு சம்பவத்தையும் காரணமாகத் தேடிக் கண்டு அதோடு திருப்தியடைந்துவிடுவது மனித சுபாவம் ஆகையால், 'எப்போது விழுந்தது?' என்ற கேள்விக்கு விடை கிடைத்தவுடன், 'எந்தத் தாய்க்குப் பிறந்தது?' என்ற கேள்வியைக் கேட்பாரில்லாமல் போய்விடுகிறது. இவ்விரு கேள்விகளில் எந்த நாய்க்கு எதை முதலில் கேட்கவேண்டும் என்பதை ஆராய்வதே இந்த அத்தியாயத்தின் நோக்கம்.

சில்லும் பள்ளமும்

நாயின் பின்னங்காலில் முழங்கால் எங்கே இருக்கிறது என்பதிலேயே பலருக்குக் குழப்பம் உண்டு. பின்புறம் நோக்கிக் கூர்மையாக வளைந்து காணப்படும் மூட்டு நம்முடைய கணுக்காலுக்கு நிகரானது. அதற்கு மேலே, வயிற்றின் ஓரத்தை ஒட்டினாற்போல் முன்புறம் நோக்கி வளைந்திருக்கும் மூட்டுத்தான் முழங்கால். தொடையெலும்பின் கீழ் முனையும் கெண்டைக்கால் எலும்பின் மேல் முனையும் சந்திக்கும் அவ்விடத்தில், முன்புறத்தில், தோலுக்கு அடியில் விரலால் தொட்டு உணரக்கூடியதாக இருக்கும் சிறிய எலும்பே முழங்காற் சில்லு. அது மற்ற எலும்புகளைப்போல் தனித்து நிற்பதன்று. தொடையின் முன்புறத்தில் நான்கு பிரிவுகளாக அமைந்துள்ள பெருந்தசையின் நாணுக்குள்ளே புதைந்து வளர்வது. தசை சுருங்கும்போது அந்த நாணை மூட்டின் அச்சிலிருந்து சற்று விலக்கிப் பிடித்து, குறைந்த பலத்தால் காலை நீட்டச் செய்யும் நெம்புகோல் வேலையை அது செய்கிறது. பாலூட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு இவ்வெலும்பு உண்டு. பறவைகளிலும் பல்லியினத்திலும் பலவற்றுக்கு உண்டு. ஆனால், தாண்டுவதில் இணையற்றதாகிய கங்காருவுக்கு எலும்பாலாகிய சில்லு இல்லை என்பது இயற்கையின் விசித்திரங்களில் ஒன்று.

சில்லு மேலும் கீழும் வழுக்கிச் செல்வதற்காகத் தொடையெலும்பின் முன்முகத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. பள்ளத்தின் இருபுறமும் வரப்புப்போல் இரண்டு விளிம்புகள் உயர்ந்து நிற்கின்றன. சில்லின் கீழே தொடரும் நாண், கெண்டைக்கால் எலும்பின் உச்சியில் உள்ள ஒரு மேட்டில் சென்று பற்றிக்கொள்கிறது. ஆகவே தொடைத்தசை, சில்லு, பள்ளம், கீழ்நாண், எலும்பு மேடு ஆகிய ஐந்தும் ஒரே நேர்கோட்டில் அமைந்திருந்தால்தான் சில்லு தன் ஸ்தானத்தில் நிற்கும். தறி ஓட்டுகிறவர்களுக்கு இதை விளக்குவது எளிது. நாடா ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் பாயும்போது அது ஓடும் பலகை மட்டமாகவும் இருபுறத்துப் பெட்டிகளும் நேராகவும் இருக்கும் வரையில் ஆயிரமாயிரம் முறை ஓடினாலும் தடம் மாறுவதில்லை. பலகை சற்றே கோணிவிட்டாலோ, ஓட்டத்தின் நடுவே எதிலாவது இடித்துவிட்டாலோ நாடா வெளியே தெறித்துவிடுகிறது. முதலாவது, தறியின் அமைப்பிலேயே உள்ள குற்றம். இரண்டாவது, அன்றைய தினம் நேர்ந்த விபத்து. தெறித்து விழுந்த நாடாவை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும்.

காளையின் கால்

கொங்கு நாட்டு விவசாயிகளுக்கு முழங்காற் சில்லின் தொல்லை நாயைக்கொண்டு தெரியவந்ததன்று. மாட்டைக்கொண்டு நெடுங்காலமாகத் தெரிந்ததேயாகும். வண்டியிலோ ஏரிலோ பூட்டிய காளை, நடக்கத் தொடங்கும்போது பின்னங்கால் ஒன்று விறைத்து நீண்டு, மடங்க மறுத்து, குளம்பின் முனை தரையில் கோடு கிழிக்க இழுபட்டுச் சென்று, பிறகு ஒரு வெட்டு வெட்டி விடுபடுவதை உழவர்கள் அறிவார்கள். நாய்க்குச் சில்லின் கீழே ஒரே நாண். மாட்டுக்கோ மூன்று நாண்கள். அவற்றில் உட்புறத்து நாண், தொடையெலும்பின் உள்விளிம்பின்மேல் ஏறிக் கொக்கிபோல் மாட்டிக்கொள்வதால் சில்லு மேலேயே பூட்டப்பட்டு, கால் மடங்காமல் போகிறது. மாட்டைப் பின்னோக்கி நடக்கச் செய்தால் சில சமயம் பூட்டு விடுபடும். விடுபடாவிட்டால், அந்த உட்புறத்து நாணைக் கத்தியால் அறுத்துவிடும் சிறிய சத்திரசிகிச்சையைக் கால்நடை மருத்துவர்கள் நம் நாட்டில் மிகப் பரவலாகச் செய்துவருகிறார்கள். பல சமயம் மாட்டைக் கீழே சாய்க்காமல் நின்ற நிலையிலேயே இது முடிந்துவிடுகிறது.

மாட்டுக்குச் சில்லு மேலே பூட்டிக்கொள்கிறது. நாய்க்குப் பக்கவாட்டில் நழுவுகிறது. பெயரளவில் ஒரே உறுப்பாயினும் அமைப்பு வேறாதலால் நோயும் வேறு, சிகிச்சையும் வேறு. மாட்டுக்குச் செய்வதுபோல் நாய்க்கும் எதையோ அறுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று நினைப்பது பிழை. நாயிடம் திருத்தவேண்டியது பெரும்பாலும் எலும்பின் உருவமே.

பிறப்பில் வரும் கோணல்

சில்லு நழுவும் நாய்களில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு அது உட்புறமாக, அதாவது மற்றக் காலை நோக்கி நழுவுகிறது. சிறு ஜாதி நாய்களிலேயே இது அதிகம். பெரிய ஜாதிகளில் வெளிப்புறமாக நழுவுவதும் உண்டு. பாதிக்கப்பட்ட நாய்களில் ஏறக்குறையப் பாதிக்கு இரண்டு கால்களிலும் இக்குறை இருக்கக் காண்கிறோம். இந்த ஓர் உண்மையே சிந்தனைக்குரியது. படியிலிருந்து விழும் நாய்க்கு இரண்டு முழங்கால்களிலும் ஒரே விதமான சேதம், ஒரே திசையில் நேர்வது எளிதில் நம்பக்கூடியதன்று.

குட்டி பிறக்கும்போதே சில்லு நழுவியிருப்பது அபூர்வம். நழுவுவதற்கு ஏற்ற உருவ அமைப்புத்தான் பிறப்போடு வருகிறது. இடுப்பிலிருந்து இறங்கும் தொடைத்தசையின் இழுப்பு நேர்கோட்டிலிருந்து சற்று உட்புறம் சாய்ந்திருந்தால் போதும். மற்றவை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்கின்றன. குட்டி வளர்கையில் சில்லு பள்ளத்துக்குள் அழுந்தி உராய்ந்துகொண்டே இருப்பதால்தான் பள்ளம் ஆழமடைகிறது. சில்லு விலகி நின்றால் பள்ளம் ஆழமற்றுத் தட்டையாகவே நின்றுவிடுகிறது. பள்ளம் தட்டையானால் சில்லு இன்னும் எளிதாக நழுவுகிறது. அதே சமயம், உட்புறமாக விழும் அழுத்தத்தால் எலும்பின் நுனியிலுள்ள வளர்ச்சித் தட்டின் உட்பாகம் மெதுவாகவும் வெளிப்பாகம் வேகமாகவும் வளர்ந்து, தொடையெலும்பு வில்லாக வளைகிறது; கெண்டைக்கால் எலும்பு உட்புறம் திருகிக்கொள்கிறது. இவ்வாறு கடுகளவு கோணல் சில மாதங்களில் காலின் உருவத்தையே மாற்றிவிடுகிறது. எலும்பின் வளர்ச்சி நின்றபின் அந்த உருவம் நிலைத்துவிடுகிறது.

இந்நோயின் கடுமையை நான்கு படிகளாக வகுத்து வழங்குவது மருத்துவர் மரபு. 1968இல் கனடாவில் பட்னம் என்பவர் வகுத்து, மறு ஆண்டில் சிங்கிள்டன் என்பவர் திருத்தியமைத்த முறையே இன்றும் உலகெங்கும் கையாளப்படுகிறது. முதற்படியில் சில்லு தானாக நழுவுவதில்லை. விரலால் தள்ளினால் நழுவி, விட்டவுடன் திரும்பிவிடும். இரண்டாம் படியில் நடக்கும்போதே அவ்வப்போது நழுவி, காலை நீட்டி உதறினால் திரும்பும். இந்த அத்தியாயத்தின் தொடக்கத்தில் சொன்ன தத்து நடை இந்தப் படிக்கு உரியது. மூன்றாம் படியில் சில்லு பெரும்பாலும் வெளியிலேயே இருக்கும், கையால் தள்ளினால் மட்டும் உள்ளே வரும். நான்காம் படியிலோ அது நிரந்தரமாக வெளியிலேயே தங்கிவிடுகிறது; எவ்வளவு முயன்றாலும் திரும்புவதில்லை. இரண்டு கால்களிலும் நான்காம் படியை அடைந்த குட்டி, முழங்காலை நீட்ட முடியாமல், எப்போதும் பதுங்கி நடப்பதுபோல் குனிந்தே நடக்கிறது.

இக்குறை எவ்வாறு வம்சத்தில் இறங்குகிறது? ஒரே ஒரு மரபணுவின் குற்றமாக இருந்தால் கணக்கிடுவது எளிதாயிருக்கும். ஆனால், பல மரபணுக்கள் சிறிது சிறிதாகச் சேர்ந்து, வளர்ப்புச் சூழலும் உடன் கூடி விளைவிக்கும் பலன் இது என்பதே ஆராய்ச்சியாளர் முடிவு. ஆகையால், தாயும் தந்தையும் நன்றாக நடக்கும்போதே குட்டிக்குக் குறை வரலாம். ஒரே ஈற்றில் பிறந்த நான்கு குட்டிகளில் இரண்டுக்கு வந்து இரண்டுக்கு வராமலும் போகலாம். "இதன் அம்மாவுக்கு ஒன்றும் இல்லையே" என்று சொல்லிப் பரம்பரையை விடுவித்துவிடுவது இதனால்தான் சரியன்று.

சிறு நாய்களிடம் இக்குறை ஏன் மிகுந்தது என்பதற்கு மனிதனின் விருப்பமே பெரும்பங்கு விடை. பொமரேனியன் என்று வழங்கும் ஜாதியை எடுத்துக்கொள்வோம். ஐரோப்பாவின் வடபுலத்திலிருந்த அதன் மூதாதையர் நடுத்தர உருவமும் உழைக்கும் திறனும் உள்ளவை. விக்டோரியா மகாராணி 1888இல் இத்தாலியின் புளோரன்ஸ் நகரிலிருந்து சிறிய பொமரேனியன் ஒன்றைக் கொண்டுவந்து வளர்க்கத் தொடங்கியபின், சின்னஞ்சிறு உருவத்தின்மேல் ஜனங்களுக்கு மோகம் பிறந்து, தலைமுறைதோறும் சிறியவற்றையே தேர்ந்து இணைத்ததனால், இன்று ஏறக்குறைய மூன்று கிலோவைத் தாண்டாத ஜாதியாக அது சுருங்கிவிட்டது. தேர்ந்தெடுத்தவர்கள் கண்டது உருவத்தையும் ரோமத்தையும். முழங்காலின் பள்ளத்தை யாரும் பார்க்கவில்லை. நம் ஊர்களில் அதே பெயரால் அழைக்கப்படும் சடை நாய்களிற் பல, உண்மையில் இந்தியன் ஸ்பிட்ஸ் என்னும் சற்றுப் பெரிய ஜாதியைச் சேர்ந்தவை. எனினும், அவற்றின் வம்சாவளியை எழுதி வைப்பாரில்லாமல், பக்கத்துத் தெரு நாயோடு பக்கத்துத் தெரு நாயை இணைத்துப் பெருக்கிய குட்டிகளாதலால், எந்தக் குறை எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கிச் சென்று பார்க்கவும் வழியில்லை. நம் சுதேசி ஜாதிகளிலும் இத்தகைய பாடம் உண்டு. தூய வெள்ளை நிறத்துக்காகவே போற்றப்படும் ராஜபாளையம் நாய்களிற் சில செவிடாகப் பிறப்பது அந்த வெண்ணிறத்தோடு தொடர்புடைய குறையே. கண்ணுக்கு இனிய ஒரு லட்சணத்தைத் தேடிச் செல்லும்போது, கண்ணுக்குத் தெரியாத குறை கூடவே வந்துவிடுகிறது.

அடியில் வரும் சேதம்

சோமனூருக்கு அருகே கருமத்தம்பட்டி வழியாகச் செல்லும் சேலம்–கொச்சி நெடுஞ்சாலையில், நாய்கள் வாகனங்களில் அடிபடுவது அன்றாடச் செய்தி. அத்தகைய அடியில் முழங்காற் சில்லு மட்டும் தனியாக நழுவுவது நூல்களில் சொல்லப்பட்டிருந்தாலும் அடிக்கடி நிகழ்வதன்று. நிகழ்ந்தால், மூட்டைச் சூழ்ந்துள்ள உறை கிழிந்து, உள்ளே இரத்தம் கசிந்து, முழங்கால் வீங்கிச் சூடாகி, நாய் அந்தக் காலைத் தரையில் ஊன்றவே மறுக்கிறது. தொட்டால் கத்தும், கடிக்கவும் வரும். சில சமயம் சில்லே உடைந்துபோவதும், அதன் கீழ்நாண் அறுந்துவிடுவதும் உண்டு. எப்படியானாலும், சேதம் ஒரு காலில், தேதி திட்டமானது, முன்தினம் வரை நாய் குற்றமற்று நடந்திருக்கும்.

வளரும் பருவத்துக் குட்டிகளுக்கு வேறொரு ஆபத்தும் உண்டு. கீழ்நாண் பற்றிக்கொள்ளும் எலும்பு மேடு, குட்டிப் பருவத்தில் முற்றிய எலும்பால் ஒட்டப்படாமல் குருத்தெலும்பால் மட்டுமே இணைந்திருப்பதால், வேகமாகப் பாய்ந்து தவறி விழும்போது தசையின் இழுப்பே அந்த மேட்டைப் பெயர்த்து மேலே இழுத்துவிடும். சில்லும் கூடவே மேலேறிவிடும். முயலை விரட்டும் வேட்டை நாய் வகைகளில் இது காணப்படுவதாகையால், சிப்பிப்பாறை, கன்னி முதலிய நம் நாய்களின் குட்டிகளை இளம் வயதில் வரம்பில்லாமல் பாயவிடுவது உசிதமன்று.

தொடையெலும்பு முறிந்த குட்டியை வீட்டிலேயே வைத்துக்கொண்டு, மூங்கில் தப்பை வைத்துக் காலை நீட்டி இறுக்கிக் கட்டி, வாரக்கணக்கில் அவிழ்க்காமல் விட்டுவிடுவது இன்னும் பல ஊர்களில் வழக்கம். கட்டியவரின் நோக்கம் நல்லதேயாயினும், முறிந்த எலும்பின்மேல் தொடைத்தசை ஒட்டிக்கொண்டு நார்போல் சுருங்கிவிடுவதால், கட்டை அவிழ்த்தபின் கால் மரக்கட்டைபோல் விறைத்து நின்றுவிடுகிறது. சில்லு பள்ளத்தின் உச்சியில் இழுத்துப் பிடிக்கப்பட்டு அசைவற்றுப் போகிறது. முறிவு கூடிவிட்டது என்று மகிழ்ந்தவர்கள் மூட்டு இறந்துவிட்டதைப் பிறகே உணர்கிறார்கள். வளர்ச்சித் தட்டில் நேர்ந்த முறிவு கோணலாகக் கூடினாலும், மாதங்கள் சென்றபின் சில்லு நழுவத் தொடங்கும். அடிபட்டது ஒரு நாளில் என்றாலும் நோய் வெளிப்பட்டது பல மாதங்களுக்குப் பின்னர் என்பதால், இத்தகைய நாய்கள் பரம்பரைக் குறை உள்ளவை எனத் தவறாகக் கருதப்படுவதும் உண்டு.

இரண்டையும் பிரித்தறிதல்

மருத்துவர் நாயைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, காலை நீட்டி, பாதத்தை உட்புறம் திருப்பி, கட்டைவிரலால் சில்லை மெல்லத் தள்ளிப் பார்க்கிறார். நழுவுகிறதா, எந்தத் திசையில், திரும்புகிறதா என்பவற்றைக் கொண்டு படி நிர்ணயமாகிறது. அதன்பின் அவர் செய்யும் ஒரு காரியம் முக்கியமானது: நொண்டாத மறு காலையும் அதேபோல் பரிசோதிக்கிறார். நோவில்லாத அந்தக் காலிலும் சில்லு நழுவுமானால், நொண்டும் காலுக்குச் சொல்லப்பட்ட மாடிப்படிக் கதை பாதி மதிப்பை இழந்துவிடுகிறது. எக்ஸ்ரே படத்தில் பள்ளம் தட்டையாகவும் தொடையெலும்பு வளைந்தும் இருந்தால், அது பல மாதங்களாக வளர்ந்த கோணல். நேற்றைய அடியால் எலும்பு நேற்றே வளைந்திருக்க முடியாது. எலும்புகள் ஒழுங்காயிருந்து உறையும் நாணும் மட்டும் கிழிந்திருந்தால் அது விபத்து.

ஆனால், அனுபவத்தில் இரண்டும் கலந்து வரும் நாய்களே மருத்துவரை அதிகம் திணறவைக்கின்றன. ஐந்தாறு வயது வரை எப்போதாவது தத்தி நடந்துவந்த நாய், ஒரு நாள் கட்டிலிலிருந்து குதித்தவுடன் அடியோடு காலை ஊன்ற மறுக்கிறது. பரிசோதித்தால், சில்லின் பழைய நழுவலோடு, மூட்டுக்குள்ளே குறுக்காகச் செல்லும் தசைநாரும் புதிதாக அறுந்திருப்பது தெரியவருகிறது. நெடுநாள் சில்லு நழுவிவரும் நடுவயது நாய்களில் ஏறக்குறைய நூற்றுக்குப் பதினைந்து முதல் இருபது வரை இவ்விதம் இரட்டைச் சேதம் காணப்படுவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். வருஷக்கணக்காகக் கோணலாகவே சுமையைத் தாங்கிய மூட்டு அது. கட்டில் கடைசிச் சாக்குத்தான். உடற்பருமன் இந்தச் சுமையை மேலும் கூட்டுகிறது. வழவழப்பான டைல்ஸ் தரையில் வழுக்கி வழுக்கி ஓடுவதும் அத்தகைய மூட்டுக்கு நல்லதன்று.

சிகிச்சையும் சந்ததியும்

முதற்படிக்குச் சத்திரசிகிச்சை வேண்டியதில்லை. எடையைக் கட்டுப்படுத்தி, ஆறு மாதத்துக்கொருமுறை பரிசோதித்தால் போதும். இரண்டாம் படியில் நொண்டுதல் தொல்லையாயிருந்தால் சிகிச்சை தேவைப்படும். மூன்றிலும் நான்கிலும், முக்கியமாக இளம் நாய்களுக்கு, தாமதித்தால் எலும்பு மேலும் கோணும். பள்ளத்தின் மேற்பரப்பை அதன் குருத்தெலும்போடு ஒரு துண்டாக அறுத்தெடுத்து, அடியிலுள்ள எலும்பைச் சிறிது கழித்துவிட்டு, அதே துண்டைத் திரும்ப வைத்துப் பள்ளத்தை ஆழமாக்குவது ஒரு முறை. கீழ்நாண் பற்றியுள்ள எலும்பு மேட்டைப் பெயர்த்து நேர்கோட்டுக்கு நகர்த்தி உலோக ஊசியால் பொருத்துவது மற்றொரு முறை. ஒரு புறத்து உறையை இறுக்கி மறுபுறத்தைத் தளர்த்துவது இவற்றோடு சேர்த்துச் செய்யப்படுவது. கடுமையான வளைவுக்குத் தொடையெலும்பையே வெட்டி நிமிர்த்த வேண்டிவரும். அடியால் நழுவிய சில்லுக்கோ, எலும்பு சரியாயிருக்கும் பட்சத்தில், கிழிந்த உறையைத் தைத்தலே பெரும்பாலும் போதும். 1903இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியும், 1985இல் நிறுவப்பட்ட நாமக்கல் கல்லூரியும் இத்துறையில் மருத்துவர்களைப் பயிற்றிவருகின்றன. 2020இல் உடுமலைப்பேட்டையில் தோன்றிய கல்லூரியால் கொங்கு மக்களுக்கு இன்னும் அண்மையில் ஓர் இடம் கிடைத்தது.

சத்திரசிகிச்சை வெற்றிபெற்று நாய் நேராக நடக்கும் அந்த நாளில்தான் இரு வரலாறுகளுக்கும் உள்ள பெரிய வேற்றுமை செயலுக்கு வருகிறது. வண்டியில் அடிபட்டுத் தேறிய நாய், தன் சேதத்தை எந்தக் குட்டிக்கும் கொடுப்பதில்லை. அது இணைசேர்வதற்குத் தடையொன்றும் இல்லை. பிறவிக் கோணலை மருத்துவர் திருத்திய நாயோ, தன் எலும்பை மட்டும் திருத்திக்கொண்டதேயன்றித் தன் வித்தைத் திருத்திக்கொள்ளவில்லை. பார்ப்பவருக்கு அது குறையற்ற நாய். அதன் குட்டிகளுக்கோ பழைய தாயே. ஆகவே, சிகிச்சைக்குப்பின் அழகாக ஓடுகிறது என்பதைக் காரணமாக வைத்து அதை இணைசேர்த்தல், ஒரு நாய்க்குச் செய்த நன்மையைப் பல குட்டிகளுக்குத் தீமையாக மாற்றிவிடும்.

இணைசேர்ப்பதில் கவனம் செலுத்தினால் பலன் உண்டா என்ற சந்தேகத்துக்கு நெதர்லாந்து தேசத்தில் ஒரு நல்ல விடை கிடைத்திருக்கிறது. அங்கே கோய்க்கர் என்னும் சிறு வேட்டை நாய் ஜாதியில், இணைசேர்க்குமுன் முழங்காலைப் பரிசோதிக்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தபின், நழுவல் உள்ள நாய்களின் விகிதம் நூற்றுக்கு 28இலிருந்து 19ஆகக் குறைந்ததை 2014இல் வெளியான ஆராய்ச்சி காட்டிற்று. பல மரபணுக்களால் வரும் குறையாதலால் ஒரே தலைமுறையில் அது ஒழிந்துவிடாது. ஆனால் தேய்ந்துகொண்டே போகும். அமெரிக்காவில் 1966இல் தோன்றிய விலங்கு எலும்பு நோய்ப் பதிவு நிறுவனம், ஒரு வயது நிறைந்த நாய்களுக்கே முழங்காற் சான்றிதழ் கொடுக்கிறது; அதற்குமுன் செய்யும் பரிசோதனை முடிவானதாகக் கொள்ளப்படுவதில்லை. நம் நாட்டிலும், 2017ஆம் ஆண்டு நாய் வளர்ப்பு விதிகளின்படி, 18 மாதம் நிறையாத பெண் நாயை வியாபாரத்துக்காக இணைசேர்க்கக் கூடாது. சேர்க்குமுன் அது ஆரோக்கியமானது என்று கால்நடை மருத்துவரின் சான்றும் வேண்டும். அந்தச் சான்றைத் தரும் மருத்துவர் நான்கு முழங்கால்களை, அதாவது தாயின் இரண்டையும் தந்தையின் இரண்டையும், தன் கட்டைவிரலால் தள்ளிப் பார்த்திருக்கிறாரா என்று கேட்பதற்குக் குட்டி வாங்குகிறவருக்கு முழு உரிமை உண்டு. விலையும் ரோமமும் நிறமும் பேசி முடித்தபின், குட்டியின் தாயைச் சற்று ஓடவிட்டுக் காட்டும்படி கேட்கலாம். காட்டத் தயங்குகிறவரிடம் குட்டி வாங்காமல் திரும்பலாம். இவ்வாறு கேட்பவர் பலராகும்போது, கேள்வியை எதிர்பார்த்தே வளர்ப்பவர்கள் முழங்காலையும் பார்க்கத் தொடங்குவார்கள்.